அண்ணாவுக்கு அளந்த இருக்கை

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமைதோறும் புல்லாங்குழல் கேட்கும்.

வாசிக்கும் ஆள் ஒருவரும் இல்லை. அது பழைய இரும்பு சேர்க்கும் லொறி. அதன் கூரையில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஓடும். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் அந்த மெட்டைத் தெரியாத பிள்ளை இல்லை. உடைந்த சைக்கிள், ஓடாத சலவை இயந்திரம், வளைந்த குழாய் என்று வேண்டாத இரும்பு எது இருந்தாலும், மெட்டைக் கேட்டதும் ஆட்கள் வாசலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். லொறிக்காரர் ஏற்றிக்கொண்டு போவார்.

சின்னவளாக இருந்தபோது அந்த மெட்டுக்கு நான் ஆடியிருக்கிறேன். பத்து வயதில் அதைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டேன். அண்ணாவின் ஜீப்பை அந்த லொறிக்குக் கொடுத்துவிடப் போவதாக அப்பா சொல்லிவிட்டார்.

அண்ணா அப்போது உயிரோடு இல்லை.

நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் லவினியா. அண்ணாவின் பெயர் லக்ஸன். கார் திருத்தும் பட்டறை ஒன்றில் அவர் அவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தார். வேலையும் படிப்பும் சேர்ந்த பயிற்சி அது. மாலையில் வீட்டுக்கு வந்தால், எண்ணெய்க் கையோடு நேரே சாப்பாட்டுச் சட்டியைத் திறப்பார். அம்மா அகப்பையைத் தூக்குவார். அண்ணா என் பின்னால் ஒளிந்துகொள்வார். எங்கள் வீட்டில் வேறு ஒருவருக்கும் இல்லாத உயரம் அவருக்கு. என் பின்னால் ஒளிந்தால் இடுப்புக்கு மேலே எல்லாமே வெளியே தெரியும்.

அண்ணாவுக்கு ஜீப் ஆசையைக் கொடுத்தவர் றொடெல் மாமா. அவர் பிலிப்பைன்ஸ்காரர். எங்கள் அம்மா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார். றொடெல் மாமாவின் மனைவி அங்கே தாதி. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பங்களும் ஒரே மாதா கோவிலுக்குத்தான் போவோம்.

அவர்களுடைய நாட்டில் சனங்களை ஏற்றி ஓடும் நீளமான ஜீப்புகள் உண்டு. அவற்றின் தம்பியைப் போல, வீட்டுப் பாவனைக்கென்று ஒரு குட்டி ஜீப்பும் உண்டு. அதை 'ஓனர்' என்று சொல்வார்கள். தெருவோரப் பட்டறையில் ஒரு காரின் எஞ்சின், இன்னொரு காரின் அச்சு, வேறொன்றின் கியர் என்று சேர்த்துப் பூட்டி, மேலே துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வளைத்து உடம்பு செய்வார்கள். அந்த நாட்டில் இருந்தபோது றொடெல் மாமா அப்படித் தகடு வளைத்தவர். ஜெர்மனியில் அவர் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கினார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கார் நிறுத்தும் கராச்சுகள் இருந்தன. நடுவில் பெரிய முற்றம். அதில் கடைசிக் கராச்சில்தான் அண்ணாவும் றொடெல் மாமாவும் ஓனர் செய்யத் தொடங்கினார்கள்.

தகடு வெட்டுவதற்கு முன்னால், றொடெல் மாமா ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து அண்ணாவை அதில் இருத்தினார். காலை நீட்டச் சொன்னார். கையை நீட்டச் சொன்னார். குதிக்கால் எங்கே, முழங்கால் எங்கே, முதுகு எங்கே என்று நிலத்தில் சோக்குக்கட்டியால் கோடு போட்டார். ஓனரின் இருக்கை மற்றக் கார்களில் இருப்பதுபோல முன்னும் பின்னும் நகராது. ஓட்டப்போகும் ஆளை அளந்து, அந்த அளவில் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் செய்துவிடுவார்கள்.

"அப்ப இதிலை வேறை ஒருத்தரும் இருந்து ஓட்டேலாதோ?" என்று கேட்டேன்.

"ஏலாது. இது எனக்கு மட்டும்தான்" என்றார் அண்ணா. "நீ பின்னாலை இரு. ராசாத்தி மாதிரி."

தகடு ஏறியபோது ஜீப் பளபளவென்று மின்னியது. அம்மா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். விரலால் தட்டியும் பார்த்தார்.

"இது ஜீப்போ? இல்லாட்டில் சோறு வடிக்கிற சட்டியோ?"

"ரெண்டுக்கும் பாவிக்கலாம் அம்மா" என்றார் அண்ணா.

இப்படிச் செய்த வண்டிக்கு வாகனச் சோதனை அலுவலகத்தில் நம்பர் தகடு கொடுக்கவே மாட்டார்கள் என்று அண்ணாவின் பட்டறை முதலாளி சொல்லியிருந்தார். அண்ணா அதற்குக் கவலைப்படவில்லை.

"எனக்கு ரோட்டு வேண்டாம். இந்த முத்தத்தை ஒரு சுத்துச் சுத்தினாக் காணும். முதல் சுத்து உன்னோடை, லவி" என்றார்.

எல்லாம் வந்துவிட்டது. ஸ்டியரிங் பெட்டி மட்டும் கிடைக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரங்களைத் திருப்புவது அந்த இரும்புப் பெட்டிதான். அப்பா அதைத் தானே வாங்கிவந்து அண்ணாவை ஆச்சரியப்படுத்த நினைத்தார். எங்கள் ஆட்களுக்கு எந்தச் சாமான் தேவைப்பட்டாலும் முதலில் லண்டனுக்குத்தான் போன் போகும். அங்கே அப்பாவின் நண்பர் குணசேகரம் மாமா இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் ஒரு சின்ன ஜீப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கோடை விடுமுறையில் அப்பாவும் நானும் பஸ்ஸில் லண்டன் போனோம். குணசேகரம் மாமா எங்களைக் கூட்டிப்போகக் காரோடு வந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கும் ஆசையில் நான் ஓடிப்போய் இடப்பக்க முன்கதவைத் திறந்து ஏறினேன். பிறகுதான் பக்கத்து இருக்கையில் ஸ்டியரிங் இருப்பதைக் கண்டேன். ஜெர்மனியில் ஸ்டியரிங் இருக்கும் பக்கத்தில், எனக்கு முன்னால், ஒன்றுமே இல்லை.

"என்ன பிள்ளை முழிக்கிறாய்? இஞ்சை இடப்பக்கம் சும்மா இருக்கிற ஆக்களுக்கு" என்று குணசேகரம் மாமா சிரித்தார்.

திரும்பும்போது அப்பா ஸ்டியரிங் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் அதைக் குழந்தை என்று நினைத்து, வழி முழுக்கத் தாழ்ந்த குரலில் பேசினார். அப்பாவும் தாழ்ந்த குரலிலேயே பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அண்ணா போர்வையை விரித்துப் பார்த்தார். பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். றொடெல் மாமாவையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல சாமான் அப்பா. பிறகு பூட்டுவம்" என்றார்.

அதைத் திரும்பவும் போர்வையில் சுற்றி மேல்தட்டில் வைத்தார்.

இலையுதிர் காலத்தில் அண்ணாவுக்குக் காய்ச்சல் வந்தது. அது போகவில்லை. இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். எசன் நகரத்து மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையசைப்பேன். அவர் அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டியரிங் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கி, வளைவில் திரும்புவதுபோலக் கட்டிலில் சாய்ந்து காட்டுவார். பெப்ரவரியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அண்ணா இறந்துபோனார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை.

அம்மா அண்ணாவின் வேலை உடுப்பைத் துவைத்தார். எண்ணெய்க்கறை போகவில்லை. அடுத்த கிழமையும் அதையே துவைத்தார். அதற்கடுத்த கிழமையும் துவைத்தார். அது பால்கனியில் அம்மா கட்டிய துணிக்கொடியில் எப்போதும் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா முன்பு தொலைக்காட்சிச் செய்திக்குக்கூடப் பதில் சொல்லுவார். இப்போது நான் ஏதாவது கேட்டால், கொஞ்ச நேரம் கழித்து, "என்ன பிள்ளை?" என்பார். அதற்குள் கேட்டது எனக்கே மறந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, அழுகை வந்தால் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம் என்றார். நான் போகவில்லை. வெளியேயும் அப்படித்தான் இருந்தது.

கோடை வந்தது. அந்த ஆண்டு உலகக்கிண்ண உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்தது. எங்கள் நகரத்திலும் ஆட்டங்கள் நடந்தன. தெருவில் எல்லாக் கார்களின் கண்ணாடியிலும் குட்டிக் கொடி பறந்தது. கோல் போட்டால் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் கூச்சல் கேட்கும். எங்கள் ஜன்னல் மூடியே இருந்தது.

ஒரு சனிக்கிழமை, அப்பா சாவியை எடுத்துக்கொண்டு கராச்சுக்குப் போனார். அன்றைக்குப் பின்னேரமே றொடெல் மாமாவும் வந்துவிட்டார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் அப்பாவை 'குயா' என்றுதான் சொல்வார். அவர்களுடைய மொழியில் குயா என்றால் அண்ணன். இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்த ஜெர்மனில்தான் பேசுவார்கள். அதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அப்பா மேல்தட்டிலிருந்து போர்வையை இறக்கினார்.

"இதைப் பூட்டுவம்" என்றார்.

வேறு ஒரு பெட்டி தேடிப் பார்க்கலாமே என்றார் றொடெல் மாமா. இதுதான் வேண்டும் என்றார் அப்பா. றொடெல் மாமா தலையைக் கீழே போட்டுக்கொண்டார். அப்பாவின் அந்த முகத்தைப் பார்த்தால் ஒருவராலும் முடியாது என்று சொல்ல இயலாது. இரண்டு பேருமாக இரண்டு சனிக்கிழமைகள் வேலை செய்து அதைப் பூட்டிவிட்டார்கள்.

பிறகு அப்பா அண்ணாவின் இருக்கையில் ஏறினார். அப்பா குட்டையானவர். கால் மிதிக்கு எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணைகளை வைத்து, நுனியில் இருந்துகொண்டார். எஞ்சின் இருமியது, பிறகு ஓடியது. ஜீப் மெதுவாகக் கராச்சை விட்டு வெளியே வந்தது.

முற்றத்தின் வலப்பக்கத்தில் பக்கத்து வீட்டுக் கொவால்ஸ்கி அம்மாவின் துத்தநாகத் தொட்டி இருந்தது. அது பழைய குளியல் தொட்டி. அவர் அதில் சிவப்புப் பூச்செடிகள் வளர்த்தார். அதில் முட்டாமல் இருக்க அப்பா ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினார்.

ஜீப் வலப்பக்கம் திரும்பியது.

அப்பா இன்னும் இடப்பக்கம் திருப்பினார். ஜீப் இன்னும் வலப்பக்கம் போய், தொட்டியின் நடுவில் முட்டி நின்றது. தொட்டி மடிந்துபோனது. ஒரு முன்விளக்கு உடைந்து கீழே விழுந்தது. தலையணை ஒன்று வழுகி வெளியே விழுந்தது.

கொவால்ஸ்கி அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். எங்கள் குப்பைத்தொட்டி கோணலாக நின்றால்கூட ஏதாவது சொல்லுகிறவர் அவர். தொட்டியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்பா கீழே இறங்கினார்.

"ஏன் இப்பிடி?" என்று கேட்டார்.

றொடெல் மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"குயா, இந்தப் பெட்டி லண்டன் வண்டியின் பெட்டி. வலப்பக்கம் பூட்டுவதற்குச் செய்தது. இடப்பக்கம் பூட்ட வேண்டுமென்றால் தலைகீழாகத் திருப்பித்தான் பூட்டலாம். அப்படிப் பூட்டினால் எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பும் என்று பயந்தேன்."

"முதலே தெரியுமோ?"

"தெரியும்."

"லக்ஸனுக்கு?"

றொடெல் மாமா துணியை மடித்துக் கீழே வைத்தார்.

"அவனுக்கும் தெரியும். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றான். மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார், நான் வேறு வழி கண்டுபிடிக்கிறேன் என்றான்."

அப்பா கராச் வாசலில், வெறும் நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்ரை பிள்ளை கடைசி மட்டும் எனக்கு ஒரு பிழை சொல்லேல்லை" என்றார். அதைத் தமிழில் சொன்னார். றொடெல் மாமாவுக்கு விளங்கியிருக்காது. ஆனால் அவரும் பக்கத்தில் இருந்துவிட்டார். ஜீப்பைத் தள்ளிக் கராச்சுக்குள் விட அவர்களுக்கு வெகுநேரம் சென்றது.

அடுத்த நாள், பூசை முடிந்ததும் றொடெல் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். இடப்பக்கத்துப் பெட்டி ஒன்று தேடிப் பிடிக்கலாம் என்றார். அண்ணாவின் இருக்கையை வெட்டி எடுத்து, முன்னால் தள்ளி, அப்பாவின் அளவுக்கு வெல்டிங் செய்து தரலாம் என்றார்.

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அம்மா வெளியே வந்தார்.

"அந்த இருக்கையிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

"கொறற்றி, எனக்குக் கால் எட்டுதில்லை. பிறகு எப்பிடி ஓட்டுறது?" என்று அம்மாவிடம் கேட்டார் அப்பா.

"ஓட்ட வேண்டாம்."

"ஓட்டாம வைச்சு என்ன செய்யிறது? ஒவ்வொரு நாளும் போய்ப் பாத்துக்கொண்டு நிக்கவோ? என்னாலை ஏலாது." அப்பா எழும்பினார். "செவ்வாய்க்கிழமை இரும்புக்காரன் வருவான். குடுத்திடுவம்."

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. தண்ணீரைத் திரும்பத் திறந்துவிட்டார்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. பெரிய சாமான் என்றால் இரும்புக்காரர் மின்வாளோடு வந்து துண்டு துண்டாக வெட்டித்தான் ஏற்றுவார். அப்போது அண்ணாவின் இருக்கையையும் வெட்டத்தானே போகிறார்? இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் அண்ணா என்று தொடங்கினாலே இரண்டு பேரில் ஒருவர் எழும்பி அறைக்குள் போய்விடுவார். அதனால் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்தேன். கராச் திறந்திருந்தது. அப்பா வாசலில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். றொடெல் மாமா ஜீப்பின் முன்மூடியில் பூட்டியிருந்த குட்டி வெள்ளிக் குதிரையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர்களுடைய நாட்டு ஜீப்புகளில் குதிரை இருக்கும். இந்தக் குதிரைக்கு ஒரு காது உடைந்திருந்தது. அதை என் கையில் தந்தார். வைத்துக்கொள் என்றார்.

"அப்பா, நான் ஒருக்கா ஏறி இருக்கட்டோ?"

அப்பா தலையாட்டினார்.

அண்ணாவின் இருக்கையில் ஏறினேன். அது மிகவும் பின்னால் இருந்தது. என் கால் அந்தரத்தில் தொங்கியது. ஸ்டியரிங்கைப் பிடிக்க முன்பக்கம் சாய வேண்டியிருந்தது. எல்லாம் தூரத் தூரமாக இருந்தது. அண்ணா இவ்வளவு பெரியவரா என்று நினைத்தேன்.

பக்கத்தில், வலப்பக்கம், இன்னும் இருக்கை வைக்கவில்லை. வெறும் தகடுதான் இருந்தது.

அப்போது புல்லாங்குழல் கேட்டது. எங்கேயோ இரண்டு தெரு தள்ளி, அதே சந்தோஷமான மெட்டு.

நான் வெறும் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். லண்டனில் குணசேகரம் மாமாவின் கார் நினைவுக்கு வந்தது.

"அப்பா, லண்டனிலை நான் எந்தப் பக்கம் ஏறினனான்?"

"இப்ப என்னத்துக்கு அந்தக் கதை?"

"சொல்லுங்கோ அப்பா."

"இடப்பக்கம். ஸ்டியரிங்கைக் காணேல்லையெண்டு முழிச்சனீ."

"அப்ப இந்தப் பெட்டி பிழையில்லை" என்றேன். "வைச்ச பக்கம்தான் பிழை. வலப்பக்கம் வையுங்கோ. உங்களுக்கு அங்கை ஒரு இருக்கை போடலாம். நீங்கள் அதிலை இருந்து ஓட்டுங்கோ. அண்ணான்ரை இருக்கையை ஒருத்தரும் வெட்டத் தேவையில்லை. அது சும்மா இருக்கிற ஆக்களின்ரை பக்கம்தானே."

அப்பா தெருவை விட்டு, ஜீப்புக்குக் கிட்ட வந்தார்.

றொடெல் மாமா என்னைப் பார்த்து என்ன என்று கேட்டார். நான் ஜெர்மனில் சொன்னேன். அவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போய்விட்டார். இரண்டு சப்பாத்துகள் மட்டும் வெளியே தெரிந்தன. புல்லாங்குழல் அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது. சப்பாத்துகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தன.

"குயா," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "வலப்பக்கம் இடம் இருக்கிறது. பெட்டியைத் திருப்பத் தேவையில்லை. நிமிர்ந்தபடியே நிற்கும்."

"மிதிகள்?"

"மாற்றலாம். பிரேக் குழாயைக் கொஞ்சம் நீட்ட வேண்டும். கியர் நடுவில்தானே இருக்கிறது." றொடெல் மாமா வெளியே வந்து எழும்பினார். முகத்தில் கரி. "ரோட்டுக்குப் போகாத வண்டி. எந்தப் பக்கம் ஸ்டியரிங் என்று யார் கேட்கப்போகிறார்கள்?"

அப்பா தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் அவர் கார் ஓடப் பழகியதே வலப்பக்கத்து ஸ்டியரிங்கோடுதான். ஜெர்மனிக்கு வந்து இத்தனை ஆண்டுகளாகியும், அவசரம் வந்தால் கார்க் கதவுகளில் பிழையானதைத்தான் திறப்பார்.

லொறி முற்றத்துக்குள் வந்து நின்றது. புல்லாங்குழலை நிறுத்திவிட்டு இரும்புக்காரர் இறங்கினார். ஜீப்பைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. கையுறையைப் போட்டுக்கொண்டே வந்தார்.

அப்பா இரண்டு அடி நடந்து, அவருக்கும் ஜீப்புக்கும் நடுவில் நின்றார்.

"இது இல்லை" என்றார்.

அப்படியானால் தன்னை ஏன் வரச் சொன்னார்கள் என்று இரும்புக்காரர் கேட்டார். அப்பா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்போது கொவால்ஸ்கி அம்மா, மடிந்துபோன துத்தநாகத் தொட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார்.

"இதற்குத்தான்" என்றார்.

பூச்செடிகளை அவர் ஏற்கெனவே பழைய பானைகளுக்கு மாற்றியிருந்தார்.

லொறி போனதும் றொடெல் மாமா, கவிழ்த்து வைத்த பெட்டியில் அப்பாவை இருத்தி, சோக்குக்கட்டியால் கோடு போட்டார். அண்ணாவுக்கு நிலத்தில் போட்ட கோடுகள் எப்போதோ அழிந்திருந்தன. ஆனால் அப்பா அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போய்த்தான் இருந்தார்.

வேலை முடியும்போது உலகக்கிண்ணமும் முடிந்திருந்தது. ஒன்றிரண்டு கார்களில் மட்டும் நிறம் மங்கிய கொடிகள் மிச்சம் இருந்தன. அப்பாவின் இருக்கை வலப்பக்கத்தில் முன்னால் இருந்தது. அண்ணாவின் இருக்கை இடப்பக்கத்தில் பின்னால் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து நடக்கும்போது ஒருவர் கொஞ்சம் பின்தங்கியதுபோல இருந்தது. குதிரையை நான் திருப்பிக் கொடுத்தேன். ஒரு காதோடு அது தன்னுடைய இடத்துக்கே போனது.

ஓட்டிப் பார்க்கிற நாளில், நாங்கள் கேட்காமலே கொவால்ஸ்கி அம்மா தன்னுடைய பூப்பானைகளையெல்லாம் முற்றத்தின் அடுத்த கோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஜன்னலில் நின்றார்.

நான் பின்னால் ஏறினேன். அப்பா வலப்பக்கம் ஏறினார். தலையணை வேண்டியிருக்கவில்லை. றொடெல் மாமா கராச் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை இடப்பக்கம் ஏறச் சொன்னார் அப்பா. அவர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

எஞ்சின் ஓடியது. ஜீப் நகரப்போகும் நேரம் அம்மா வந்தார். கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவர், ஈரக் கையோடு அப்படியே வந்திருந்தார். பெப்ரவரிக்குப் பிறகு அவர் அந்த முற்றத்தில் கால் வைக்கவில்லை.

ஜீப்பைச் சுற்றி நடந்தார். அண்ணாவின் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார். அதன் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார்.

"வெட்டேல்லை" என்றார்.

"இல்லை அம்மா" என்றேன்.

அம்மா சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறி, அதில் இருந்தார். அவருக்கும் கால் எட்டவில்லை. செருப்பு போட்ட இரண்டு கால்களும் அந்தரத்தில் நின்றன. கால் வைக்க ஒரு கட்டை வைத்துத் தரட்டுமா என்று அப்பா கேட்டார்.

"வேண்டாம். அது அவன்ரை கால் வைக்கிற இடம்" என்றார் அம்மா. அழுதார். அழுதுகொண்டே, "இருந்து பாத்தால்தான் தெரியுது, என்ன நீளம் எண்டு" என்றார். பிறகு முகத்தைத் துடைத்தார். "சட்டிக்குள்ளை இருக்கிற மாதிரித்தான் இருக்கு. போங்கோ. மெதுவாப் போங்கோ."

ஜீப் கராச்சை விட்டு வெளியே வந்தது. நான் அம்மாவின் இருக்கையைப் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். முதல் சுற்று என்னோடு என்று அண்ணா சொல்லியிருந்தார். முற்றத்தின் வளைவு வந்தது.

அப்பா ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினார்.

ஜீப் இடப்பக்கம் திரும்பியது.